நெடுநிலை மாடமும் ஜன்னல் இல்லாத அறையும்



கொழும்பிலே அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் குடியிருப்புகளை நாம் தொடர்மாடி என்கிறோம். பழைய புலவர்கள் நெடுநிலை மாடம் என்றார்கள். சிலப்பதிகாரத்திலே புதுமணத் தம்பதியரான கோவலனும் கண்ணகியும் இருந்தது அத்தகைய மாடத்தின் இடைநிலையிலேதான். தென்றல் வந்ததும் நிலாமுற்றத்துக்கு ஏறிப்போகிறார்கள். ஆகவே, உயரத்திலே இருந்து காற்று வாங்குவது தமிழனுக்குப் புதிய ஆசை அன்று. அதற்கு டொலரிலே வாடகை பேசுவதுதான் புதிது.

வெள்ளவத்தை நெசவாலை இருந்த நிலத்திலே இன்று ஹவ்லொக் சிற்றி நிற்கிறது. பேரே வாவிக் கரையிலே ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் அல்டெயர் கோபுரங்கள், 240 மீற்றர் உயரத்திலே. இத்தகைய வீடுகள் பலவற்றுக்கு வாடகை டொலர்க் கணக்கிலேதான். 2022ஆம் ஆண்டிலே 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியபோது, உள்ளூர்ச் சம்பளக்காரர் இந்தப் பக்கம் தலை நீட்டவும் முடியாமற் போயிற்று. எஞ்சியவர்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள். என் பெரியம்மாவின் மகளும் அப்படி லண்டனிலிருந்து ஆறு மாதம் தங்க வந்தவர்தான். "தம்பி, நீயும் ஒருக்கா வந்து பார்" என்று அழைத்தார், போனேன்.

பதினெட்டாம் மாடி. தரகர் இளைஞர், வாய் ஓயவில்லை. நீச்சல் தடாகம், உடற்பயிற்சிக்கூடம், கடல் பார்த்த பல்கனி, மின்சாரம் நின்றால் தானாக இயங்கும் ஜெனரேற்றர் எல்லாவற்றையும் காட்டினார். கடைசியாகக் குசினிக்குப் பின்னால் ஒரு சிறு கதவைத் திறந்தார்.

"இது மெயிட் ரூம், சேர்."

நடுவிலே நின்று கைகளை விரித்தேன். இரண்டு சுவரும் விரலிலே பட்டன. ஜன்னல் இல்லை.

"காற்றுக்கு?" என்றேன்.

"கதவைத் திறந்து வைக்கலாம், சேர்."

மலையகத்து லய அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று நாம் எத்தனையோ கூட்டங்களிலே பேசியிருக்கிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்த அறைக்கு முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு திண்ணையாவது உண்டு. அங்கே அடுத்த வீட்டுக் குரல் கேட்கும். தேயிலை காசு கொடாததனாலே அந்த இஸ்தோப்பை விட்டுக் கொழும்புக்கு வேலைக்கு வருகிற பிள்ளைக்குத்தான், கையை விரித்தால் முடிந்துபோகிற இந்த அறை. 2021ஆம் ஆண்டு ஜூலையிலே கொழும்பில் வேலைக்கு நின்ற பதினாறு வயது மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு மருத்துவமனையிலே இறந்தபோது நாடே கொதித்தது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக உயர்த்தியதும் அதே ஆண்டிலேதான். வயதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். அறையை யார் பார்ப்பது?

நக்கீரரின் நெடுநல்வாடையை வகுப்பிலே நடத்தும்போதெல்லாம் நான் வியப்பது ஒன்றுண்டு. அரண்மனை கட்டுவதற்கு நண்பகல் நிழலைக் குறித்து, நூல் பிடித்து அளந்ததையெல்லாம் சொல்கிறார். மலர் விரிவதைக் கண்டு பொழுதறிந்து விளக்கேற்றும் பெண்களையும் சொல்கிறார். அவர்கள் எங்கே படுத்தார்கள் என்பதைமட்டும் சொல்லவில்லை. புலவருக்கு அது பாட்டுக்குரிய பொருளாகத் தோன்றவில்லை போலும். நம் தரகராவது கதவைத் திறந்து காட்டினார்!

அந்தச் சுவரிலே ஒரு காற்றுத்துளை போட உரிமையாளர் சம்மதிப்பாரா என்று கேட்டேன். "அதுக்கு அங்கால லிஃப்ட் ஓடுது, சேர்" என்றார். சுவரிலே கை வைத்தேன். மெல்லிய அதிர்வொன்று மேலே ஏறிப்போயிற்று.

அக்கா வீட்டை எடுத்துக்கொண்டார். ஆள் வைக்கவில்லை, அந்த அறையிலே லண்டன் பெட்டிகள் நான்கு இருக்கின்றன. ஐந்தாவதை உள்ளே வைத்தால் கதவு சாத்த முடியவில்லையாம்.