பேரப்பிள்ளைகள் இல்லாத பாட்டி

(சித்தேரியில் ஆதரவாளர்கள் கூடுகையில் பேசியது)



சித்தேரி மலையில் கூடியிருக்கும் நாம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை இன்று நினைவுகூருகிறோம். அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அநேகருக்குப் பாட்டியானார்கள்.

அம்மையாருக்கு 65 வயதிருக்கும்போது ஒரு டென்னிஸ் போட்டி. எதிர்த்து ஆட வேண்டிய இளம்பிராயத்தவர், போயும் போயும் ஒரு பாட்டியோடா என்று சலித்துக்கொண்டாராம். இரண்டு செட்டிலும் பாட்டியே ஜெயித்தார்கள்!

அந்தக் குதூகலத்துக்குப் பின்னால் ஒரு துக்கம் இருந்தது. இளவயதில் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். மருத்துவரான தகப்பனார் ஆண் என்பதால் அவரை அழைத்துப்போக மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று தாய்மாரும் உயிரோடு இல்லை. அதனால்தான் ஐடா அம்மையார் மருத்துவம் படித்து 1900-இல் திரும்பி வந்தார்கள். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1960-இல், 89-ஆம் வயதில் கொடைக்கானலில் நித்திரையடைந்தார்கள்.

துக்கத்தை மறவாமலே சிரித்து வாழலாம் என்று அவர்கள் காட்டினார்கள். பிரசவ வலி கண்ட மலைத்தாய்க்கு அரூர் இன்றும் தூரம்தான். நம் காணிக்கை அந்தத் தூரத்தைக் குறைக்கட்டும். முகமலர்ச்சியோடு கொடுப்போம், பாட்டிக்கு அதுவே பிடிக்கும்.