எட்டடிப் பலகை போதும்!

தலைப்பு: உல்லாசப் படகு எளியவர் கைக்கு எட்டியது வருமானம் உயர்ந்ததாலா? வடிவமைப்பு எளிமையானதாலா?

('வடிவமைப்பு எளிமையானதாலே' என்ற அணியின் இரண்டாவது பேச்சு)

எதிரணியில் வீற்றிருக்கிற வசதி படைத்த நண்பர்களே! (சிரிப்பு) வீட்டிலே சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு உள்ளங்களே!

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் என்ன சொன்னாரு? "பையில காசு வந்தது, படகு வாங்கினான். இதுக்கு எதுக்குய்யா பட்டிமன்றம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துட்டாரு. ஐயா, காசு வந்தது உண்மை. நான் மறுக்கல. ஆனா நமக்குச் சம்பளம் ஏறுன அன்னிக்கே வீட்டுக்காரர் வாடகையை ஏத்திடுறாரே, அதை நீங்க பார்த்ததில்லையா? (கைதட்டல்) வருமானம் மட்டும் ஏறினால் பொருள் கைக்கு எட்டிவிடாது. 'இவன் பையில இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள்ள என்ன செய்யலாம்?' என்று ஒருத்தன் உட்கார்ந்து யோசிக்கணும். அப்படி யோசித்தவர்களைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

1947ஆம் வருஷம். அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்தில், கிளியர்வாட்டர் என்கிற கடலோர ஊர். பெட்டியில் சக்கரத்தை மாட்டி, பிள்ளைகளை உட்காரவைத்துப் பந்தயம் விடுவது அந்த நாட்டு வழக்கம். 'இதையே தண்ணீரில் விட்டால் என்ன?' என்று கிளிஃபோர்ட் மெக்கே என்பவருக்கு ஒரு யோசனை. கிளார்க் மில்ஸ் என்கிற படகு கட்டுபவரிடம் போனார்கள். ஒரே நிபந்தனை: செலவு 50 டாலரைத் தாண்டக் கூடாது!

கடையில் கிடைக்கிற பிளைவுட் பலகை எட்டடி நீளம், நாலடி அகலம். எட்டடிக்குள்ளே கூர்மையா மூக்கு வைத்தால் படகு சரியா அமையாது. மில்ஸ் என்ன செய்தார் தெரியுமா? மூக்கையே வெட்டிட்டாரு! (சிரிப்பு) முன்பக்கம் சப்பையா ஒரு படகு. பேரு ஆப்டிமிஸ்ட். மூக்கு சப்பையா இருந்தா என்னங்க, குணம் தங்கம்! இன்றைக்கு 120க்கும் மேற்பட்ட நாடுகளில் குழந்தைகள் பாய்மரம் பழகுவது அந்தச் சப்பைமூக்கில்தான். அந்த மூக்கை வெட்டினது பணமா? மூளையா? நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள்!

அடுத்து இங்கிலாந்து. நம்ம ஊரில் பத்திரிகைக்காரங்க வருஷம் பிறந்தா காலண்டர் கொடுப்பாங்க. லண்டன் 'டெய்லி மிரர்' 1963இல் ஒரு படகையே கொண்டுவந்தது. சும்மா இல்ல, விலை 63 பவுன் 11 ஷில்லிங். தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கிய பேரி பக்னெலும், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து உருவாக்கியது.

அதுவரைக்கும் படகு கட்டணும்னா கைதேர்ந்த தச்சர் வேணும். இவங்க பலகைகளை அளவா வெட்டி, பெட்டியில் போட்டு அனுப்பினாங்க. பலகையின் ஓரத்தில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைக்கிற மாதிரி தைக்க வேண்டியது. தைத்த இடத்தில் கண்ணாடி இழை நாடாவை வைத்துப் பசை பூச வேண்டியது. முடிந்தது! அப்பா பிடிக்க, அம்மா தைக்க, பிள்ளைகள் பசை பூச... ஒரு குடும்பமே சேர்ந்து ஒரு படகு! (கைதட்டல்)

பதினோரு அடிகூட இல்லாத படகு. கார் கூரையில் கட்டிக்கிட்டுப் போகலாம். திரும்பி வந்தா வீட்டிலேயே வைக்கலாம், துறைக்கு வாடகை கிடையாது. 70,000க்கும் மேல் கட்டிட்டாங்க. அத்தனை பேருமா பணக்காரன்?

நம்ம கடலோர மக்களைக் கேளுங்க, "இதென்னய்யா அதிசயம்?" என்பார்கள். மரத்தோடு மரத்தைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குப் போன கைகள் அவை. இங்கிலீஷ்காரன் சொல்ற 'கேட்டமரான்' நம்ம கட்டுமரம்தான்! அவர்கள் கட்டியது பிழைப்புக்காக, உல்லாசத்துக்காக அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: கையில் இருப்பதை வைத்து மிதக்க வழி பார்!

எதிரணி அம்மையார் நல்ல கேள்வி ஒன்று கேட்டாங்க. "படகு மட்டும் வாங்கினா போதுமா? மோட்டார் யார் வாங்குறது? இழுத்துட்டுப் போற வண்டி?" நியாயம்தான் தாயே. புதுசா வாங்குறவன் அங்கேதான் மிரள்றான். 1978இல் மிசௌரி மாநிலத்தில் மீன்பிடி சாமான் கடை வைத்திருந்த ஜானி மாரிஸ், அலுமினியப் படகு, மோட்டார், இழுவண்டி மூன்றையும் பூட்டித் தயாராக்கி, 3,000 டாலருக்குள் ஒரே விலை சொன்னாரு. நம்ம கல்யாண காண்ட்ராக்ட்ல மண்டபம், சாப்பாடு, மேளம் எல்லாம் சேர்த்து ஒரே ரேட் பேசுற மாதிரி! (சிரிப்பு) செலவு எங்கே முடியும் என்று முதல்லயே தெரிஞ்சா, சாதாரண மனுஷனுக்குத் துணிச்சல் வருது. அதுவும் ஒரு வடிவமைப்புதானே!

கடைசியாக ஒன்று. கார் கூரையில் ஏற்றுகிற மாதிரி ஒரு சின்னப் படகு வேணும் என்று கனடாவில் கேட்டாங்க. புரூஸ் கர்பி வரைந்து கொடுத்தார். அதுதான் லேசர். 1996இல் அது ஒலிம்பிக்கிற்கே போனது. அதே படகில் பாய் மட்டும் கொஞ்சம் சின்னதா வைத்தால், அதற்குப் பேர் லேசர் ரேடியல். 2009இல் சென்னையில் ஒரு கோடைக்கால முகாமில் பாய்மரம் பழகத் தொடங்கிய பள்ளிச் சிறுமி நேத்ரா குமணன், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டியிட்டது அந்தப் படகில்தான். பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்! (பலத்த கைதட்டல்)

பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஏதுங்க வருமானம்? படகு சின்னதா, எளிமையா இருந்தால்தான் முகாம் நடத்த முடியும்; முகாம் நடந்தால்தான் அந்தப் பிள்ளை ஏற முடியும்!

நடுவர் அவர்களே, தண்ணீர் எல்லாருக்கும் பொது. கரை மட்டும் ஏன் இரண்டாகப் பிரியணும், படகு உள்ளவன், வேடிக்கை பார்க்கிறவன் என்று? வேடிக்கை பார்த்த பிள்ளையைக் கைதூக்கி உள்ளே உட்காரவைத்தது வருமானமல்ல, எளிய வடிவமைப்பே! அப்படியே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.