கலிங்கத்தில் பொறிக்கப்படாத சாசனம்

தில்லியில் வாழும் தமிழர்களுள் பலர் பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் பழைய கல்தூணைக் கண்டிருப்பர். குஜராத்தில் வாழ்வோர் கிர்நார் மலையடிவாரப் பாறையையும், ஒடிசாவில் வாழ்வோர் புவனேசுவரத்தை அடுத்த தௌலிப் பாறையையும் கண்டிருக்கலாம். இம்மூன்றிலும் பேசுபவர் ஒருவரே: மௌரியப் பேரரசர் அசோகர். பிழைப்பை நாடி நாம் வந்து தங்கிய ஊர்களின் அருகே நிற்கும் இக்கற்கள், அரசாட்சிக்கும் அறத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுகின்றன. அவை கூறுவதையும், ஓரிடத்தில் கூறாது விட்டதையும் இன்று சிந்திப்போம்.

முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்தபின், ஏறக்குறைய கி.மு. 261-இல், அசோகர் கலிங்கத்தை வென்றார். அப்போரில் 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர். 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். அதனினும் பன்மடங்கினர் பின்னர் மாண்டனர். இவற்றைப் பகைவர் எழுதி வைக்கவில்லை. வென்ற அரசரே தமது பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் பொறித்து, தாம் வருந்துவதாகவும் அறிவித்தார். தம் வெற்றியின் கொடுமையைத் தாமே எண்ணிச் சொன்ன வேந்தர் உலக வரலாற்றில் மிக அரியர்.

அசோகர் பௌத்தத்தைத் தழுவியவர். ஆயினும், அவர் அரசின் கொள்கையாக வைத்த தருமம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. பெற்றோருக்குப் பணிதல், பணியாட்களிடம் பரிவு, உயிர்களிடத்து இரக்கம் ஆகியவை அதன் கூறுகள். தன் சமயத்தை உயர்த்த எண்ணிப் பிற சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்பது பன்னிரண்டாம் சாசனத்தின் கருத்து. இவை மக்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக, பெரும்பாலான இடங்களில் பிராகிருத மொழியிலும், கந்தகாரில் கிரேக்கம், அரமேயம் ஆகிய மொழிகளிலும் எழுதுவித்தார்.

இனி, தௌலிக்கு வருவோம். கலிங்கப் போரைப் பற்றிய அந்தப் பதின்மூன்றாம் சாசனம் கலிங்க நாட்டுப் பாறைகளில் இல்லை! தௌலியிலும் இல்லை, அந்நாட்டின் மற்றோர் இடமாகிய ஜௌகடாவிலும் இல்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய மூன்று சாசனங்களும் அங்கே விடப்பட்டு, அவற்றுக்கு ஈடாக இரு தனிக் கட்டளைகள் பொறிக்கப்பட்டன. உற்றாரை இழந்தவர்களின் கண்ணெதிரே மாண்டவர் தொகையை எழுதிக் காட்ட மன்னர் விரும்பவில்லை போலும். வருத்தத்தை உலகுக்குச் சொன்னவர், வருத்தப்படுத்தப்பட்டவர்க்குச் சொல்லவில்லை.

ஆனால், அவர் அங்கே சொன்னது யாது? முதல் தனிக் கட்டளை அதிகாரிகளை நோக்கியது. மக்கள் அனைவரும் தம் குழந்தைகள் என்கிறார் மன்னர். காரணமின்றி ஒருவன் சிறைப்படுவதும் துன்புறுவதும் நேர்கின்றன என்று ஒப்புக்கொள்கிறார். நடுநிலை தவறச் செய்யும் குற்றங்கள் ஏழு என அடுக்குகிறார்: பொறாமை, சினம், கொடுமை, அவசரம், பயிற்சியின்மை, சோம்பல், சோர்வு. நீதி நடப்பதை அறிய ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கடுமையில்லாத அதிகாரி ஒருவரை அனுப்புவதாகவும் உறுதி கூறுகிறார். இக்கட்டளை திஷ்ய நட்சத்திர நாட்களில் உரக்க வாசிக்கப்படவேண்டும். இடையிடையே ஒருவர் மட்டும் இருப்பினும் அவர் கேட்கவேண்டும் என்பதும் ஆணை. எழுத்தறியாதவனும் அரசின் கடமையைச் செவிவழியே அறியலாம் அல்லவா?

இதில் குறையும் உண்டு. கலிங்கத்தை விடுவித்ததாக எந்தச் சாசனமும் கூறவில்லை. காட்டில் வாழ்வோரைத் திருந்துமாறு கூறும்போதே, வருந்தினாலும் தமக்கு வலிமை உண்டு என எச்சரிக்கிறார். மரண தண்டனையையும் அவர் ஒழிக்கவில்லை. தண்டிக்கப்பட்டோருக்கு மூன்று நாள் அவகாசமே அளித்தார். தருமம் பேசிய அரசும் அரசாகவே இருந்தது.

எனினும், அக்கட்டளையில் ஓர் உண்மை விளங்குகிறது. ஆட்சியின் அறம் அரசரது மனமாற்றத்தோடு முடிவதன்று. முறையிட வந்த எளியவன் முன்னே அமர்ந்திருக்கும் அலுவலரின் சினத்திலும் சோம்பலிலும் அது சோதிக்கப்படுகிறது. அயல் மாநிலத்தில், வேற்று மொழியில், ஓர் அலுவலகத்தின் வாயிலில் விண்ணப்பத்துடன் நின்றிருக்கும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சோழரும் பாண்டியரும் அப்பேரரசுக்கு வெளியே இருந்தவர்கள். அவர்கள் நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்ததாக இரண்டாம் சாசனம் குறிக்கிறது. அவ்வாறு நம் முன்னோரை அறிந்திருந்த கற்கள் இவை. விடுமுறையில் தௌலிக்குச் செல்வோர், பாறையின் மேல் செதுக்கிய யானையோடு நின்றுவிடாமல், அதன் கீழுள்ள எழுத்துகளையும் சற்றே நோக்குவாராக. அங்கே இருப்பது அதிகாரிகட்கு இட்ட ஆணை. இல்லாதிருப்பது மக்களுக்குச் சொல்லவேண்டிய ஒரு சொல்.