காட்டுப் பிராணி வீட்டுக்குத் தகுமா?



2010 ஆகஸ்டில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஒரு பயணப்பெட்டி உடைந்தது. உள்ளே 95 போவா பாம்புகள்! பினாங்கிலிருந்து ஜாகர்த்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த வியாபாரி அன்சன் வோங் சிறை சென்றார். விசித்திரப் பிராணிகளைக் காசு கொடுத்து வாங்குவோர் இருப்பதால்தான் இத்தகைய வியாபாரம் நடக்கிறது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தோட்டத்து ஓரக் காட்டில் ஒரு தேவாங்கு அகப்பட்டால், வளர்க்கலாமே என்று நம் பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள் அல்லவா? மலாய் மொழியில் கொங்காங் என்பது இதைத்தான்.

தேவாங்கு இரவில் இரை தேடுவது. மரப்பிசின், பூந்தேன், பூச்சி ஆகியவை அதன் ஆகாரம். நம் வீட்டுச் சோறு அதற்கு ஒத்துக்கொள்ளாது. கூச்சம் காட்டினால் கைகளைத் தூக்கும். அது மகிழ்ச்சியன்று, அச்சம். முழங்கையருகே சுரக்கும் நீர் எச்சிலோடு கலந்தால் அதன் கடி விஷமாகும். அதனாலேயே விற்பவர்கள் பல்லை வெட்டிவிடுகிறார்கள். பல்லிழந்த தேவாங்கு காட்டுக்குத் திரும்பினாலும் பிழைப்பது அரிது.

நாயும் பூனையும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு பழகியவை. தேவாங்கு அப்படியன்று. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சிறப்பு அனுமதியின்றி அதை வைத்திருப்பது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு.

ஆகவே பெற்றோர்களே, ஒரு பிராணியை வீட்டுக்குக் கொண்டுவருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எங்கிருந்து வந்தது? இதன் ஆகாரத்தை நம்மால் தர முடியுமா? இதன் ஆயுள் முழுவதும் பராமரிப்போமா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வேண்டாம். அடிபட்ட தேவாங்கைக் கண்டால் தொடாமல், வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள். தூர நின்று பார்ப்பதும் அன்புதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.