கருவியின்றிக் கணக்கிடுதல்



நீட் தேர்வில் கணிப்பான் அனுமதிக்கப்படுவதில்லை. அதன் 180 வினாக்களுள் 45 வேதியியலுக்குரியவை. நம் ஓரிக்கைப் பிள்ளைகள் பாடம் அறிந்திருந்தும், தசமப் பெருக்கலுக்கு அஞ்சி வினாவைக் கைவிடுவதைக் காண்கிறோம். அரசுப் பள்ளியினர்க்கு 2020 முதல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அவ்வச்சத்தாலேயே இடம் இழக்கலாமா?

வாயு மாறிலியாகிய 0.0821 ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு. 300 கெல்வினில், 10 லிட்டர் கலத்தில், 2 மோல் வாயுவின் அழுத்தம் யாது? 300-ஐப் பன்னிரண்டால் வகுக்க 25. இரண்டால் பெருக்கிப் பத்தால் வகுக்க 5. தரப்பட்ட விடைகள் 2.5, 4.9, 9.8, 49 வளிமண்டலம் எனில், 4.9-ஐக் குறிக்கத் தயங்குவானேன்? தனிப்பயிற்சி நிலையங்கள் பணம் பெற்றுக் கற்பிப்பதும் இதுவே! விடைகள் நெருங்கி நின்றால் மட்டும் முழுமையாகப் பெருக்குக.

அமிலத்தன்மைக் கணக்குகளுக்கு 2-இன் மடக்கை 0.3010, 3-இன் மடக்கை 0.4771 ஆகிய இரண்டையும் மனனம் செய்க. 4, 6, 8, 9 ஆகியவற்றின் மடக்கைகள் கூட்டலிலேயே கிடைத்துவிடும்.