யானைச் சவாரியும் காட்டோர மக்களும்

(கம்பம் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தேக்கடி உங்களுக்குப் புதிதல்ல. அந்த ஏரித் தண்ணீர்தான் உங்கள் நெல் வயலுக்கு வருகிறது. குமுளிப் பக்கம் யானைச் சவாரி விட்டதையும் பலர் பார்த்திருப்பீர்கள். மாட்டின் கழுத்தில் புண் கண்டால் நாம் ஏர் பூட்டுவதில்லை. யானையின் முதுகெலும்போ மேல்நோக்கி முள்முள்ளாக நிற்பது. அதன்மேல் இருக்கையும் ஆட்களுமாக நாள் முழுதும் ஏற்றினால் புண்ணாகாதா? வருமானமும் யானைக்காரருக்கே சேரும்.

பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1996-இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் வேறு வழி கண்டார்கள். திருட்டுத்தனமாகக் காட்டு இலவங்கப்பட்டை உரித்து வந்தவர்களே குழு அமைத்து, பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வழிகாட்டிகள் ஆனார்கள். காட்டைக் காவல் காப்பதும் அவர்களே! மன்னான், பளியர் மக்களிலும் பலர் வழிகாட்டிகள். விளையும் மிளகை முன்கூட்டியே வியாபாரியிடம் கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்த அம்மக்கள், குழு மூலம் அதை மீட்டுக் கூட்டாக விற்கத் தொடங்கினார்கள். எனக்குப் பெரிய செய்தி இதுதான்.

மேகமலை ஓரத்தில் இப்படிச் செய்ய விரும்புவோர் முதலில் வனத்துறையின் அனுமதி பெறவேண்டும். அடைமழை மாதங்களில் பயணிகள் வரத்துக் குறையும். ஆகவே வயலை விட்டுவிடாதீர்கள். கறவை மாடு போல இதுவும் துணை வருமானமே.