சொல்லிவிட்டுக் கொடுங்கள்!

(தலைப்பு: இல்லறம் இனிப்பது விட்டுக்கொடுப்பதாலா? மனம்விட்டுப் பேசுவதாலா? ‘மனம்விட்டுப் பேசுவதாலே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, ‘விட்டுக்கொடுங்கள், விட்டுக்கொடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டே மைக்கை மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்காத எதிரணி நண்பர்களே, (சிரிப்பு) அவையோரே!

எதிரணித் தலைவர் பெருமையாகச் சொன்னார்: “எங்க வீட்ல இருபது வருஷமா சண்டையே வந்ததில்லை.” ஐயா, சண்டை வராத வீடு இரண்டு வகை. ஒன்று, இருவரும் ஒத்துப்போன வீடு. இன்னொன்று, ஒருவர் ஓய்ந்துபோன வீடு. உங்கள் வீடு எந்த வகை என்பதை உங்களைக் கேட்டால் தெரியாது. அம்மாவைக் கேட்டால்தான் தெரியும். (கைத்தட்டல்)

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. எங்கள் வீடும் சண்டையே வராத வீடுதான். கல்யாணமாகி 28 வருஷம். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாச்சு, பையன் வேலைக்குப் போயாச்சு. வீட்டில் மிச்சமிருந்தது மூன்றே வாக்கியம். “சாப்பிட வாங்க.” “மாத்திரை போட்டாச்சா?” “கேஸை மூடினியா?” (சிரிப்பு) ஒருநாள் என் துணைவியார் கேட்டார்: “என்னங்க, நாம ரெண்டு பேரு மட்டும் எங்கயாவது போயிட்டு வரலாமா?” சரி என்று கிளம்பினோம். காலையில் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம், சாயங்காலம் பூம்புகார்க் கடற்கரை. ஒருநாள் பயணம்.

கலைக்கூடத்துக்குள் நுழைந்ததும் நான் வகுப்பை ஆரம்பித்துவிட்டேன். வாத்தியார் புத்தி போகுமா? “இந்தக் கலைக்கூடம் 1951-இல் தொடங்கியது. இதோ பார், திருவெண்காட்டு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவர். ராஜராஜன் காலம். இவரை வைத்தது 1011-இல். பக்கத்தில் இருக்கிற தேவியை வைத்தது 1012-இல். அந்தக் காலத்திலேயே பெண்கள் கிளம்பி வர ஒரு வருஷம் ஆகியிருக்கிறது!” (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை. சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “என்னங்க, மாடு எங்கே?”

பார்த்திருப்பீர்கள். தலைமுடியைப் பாகை மாதிரி சுருட்டிக் கட்டிக்கொண்டு, ஒரு கையை மடித்துக் காளையின் மேல் சாய்த்து நிற்கிற கோலம். ஆனால் காளை இல்லை. கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. மாணவர்களை அழைத்துக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறேன். பாகையைப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கைக்குக் கீழே இருக்கிற வெற்றிடத்தைப் பார்த்ததே இல்லை. அவர் சொன்னார்: “சாஞ்சு நிக்க ஒண்ணு இருக்குன்னு நெனச்சே நின்னு பழகிட்டாரு போல.” அவ்வளவுதான். அடுத்த சிலைக்குப் போய்விட்டார். எனக்கு ஏனோ அடுத்த வரி வரவில்லை.

அங்கிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். திருவெண்காடு அதற்குப் பக்கம்தான். 1973-இல் கட்டிய ஏழுநிலை மாடம், சுவரெல்லாம் சிலப்பதிகாரச் சிற்பம் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். மணலில் உட்கார்ந்தோம். ஒரு பொட்டலம் கடலை. “இங்கேதான் கோவலனும் மாதவியும்...” என்றேன். “கொஞ்சம் வகுப்பை நிறுத்துங்க, நான் ஒண்ணு சொல்லணும்” என்றார்.

சொன்னார். கல்யாணமான இரண்டாவது வருஷம் அவருக்கு ஆசிரியர் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்திருக்கிறது. தருமபுரிப் பக்கம். அப்போது என் அம்மா படுத்த படுக்கை. நான் ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டு ராப்பகலாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கார்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். 26 வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமே?” என்றேன். “நீங்க கேக்கவே இல்லையே” என்றார்.

நடுவர் அவர்களே, என் ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? சங்க இலக்கியத்தில் தலைவி கூற்று! (சிரிப்பு, கைத்தட்டல்) இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தலைவி என்ன சொன்னாள் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினேன். என் வீட்டுத் தலைவி என்ன சொல்ல நினைத்தாள் என்று கேட்கவில்லை. அந்த ஆய்வேட்டின் நன்றியுரையில் தட்டச்சு செய்தவர் பெயர் இருக்கிறது. இவர் பெயர் இல்லை.

எதிரணி உடனே துள்ளும்: “பார்த்தீர்களா! அந்தம்மா விட்டுக்கொடுத்ததால்தானே நீர் டாக்டர்?” உண்மை. நான் டாக்டர் ஆனேன், இல்லறம் இனித்ததா? அதுதானே இன்றைய தலைப்பு! இழப்பை அவர் ஒற்றை ஆளாகச் சுமந்தார். பட்ட கடன் இன்னதென்று தெரியாமலே நான் நிம்மதியாகத் தூங்கினேன். அன்றைக்குப் பேசியிருந்தால் என் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கலாம். இல்லை, அவரே யோசித்து ‘வேண்டாம்’ என்றிருக்கலாம். ஆனால் அந்த முடிவு எங்கள் இரண்டு பேருடைய முடிவாக இருந்திருக்கும்.

“கானல்வரியில் வாயைத் திறந்ததால்தானே பிரிந்தார்கள்?” என்று ஓர் அம்மையார் கேட்டார். அம்மா, அவர்கள் எங்கே பேசினார்கள்? பாடினார்கள்! அவன் வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று இவள் நினைத்தாள். இவள் வேறொருவனை நினைத்துப் பாடுகிறாள் என்று அவன் நினைத்தான். “யாரை நினைத்துப் பாடினாய்?” என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. (கைத்தட்டல்)

விட்டுக்கொடுத்தவள் யார்? கண்ணகி. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாள். கணவன் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது மிச்சமிருந்த சிலம்பையும் கொடுத்தாள். புகாரில் பேசாதிருந்தவள் மதுரையில் பேசினாள். அரசனே நடுங்கப் பேசினாள். ஆனால் அவள் பேசியபோது கேட்க வேண்டியவன் உயிரோடு இல்லை. அதுதானய்யா சிலம்பின் சோகம்! (பலத்த கைத்தட்டல்)

அன்று திரும்பும் பஸ்ஸில் கும்பகோணம் வரைக்கும் அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். இப்போது சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் எங்கள் திண்ணையில் படிக்கிறார்கள். டீச்சர் அவர், காபி போடுவது நான். “காபி எப்படி இருக்கு?” என்று கேட்டேன். மனம்விட்டுச் சொன்னார்! (சிரிப்பு) அன்றைக்கு எங்கள் வீட்டில் முதல் சண்டை வந்தது. (சிரிப்பு, கைத்தட்டல்) நடுவர் அவர்களே, அன்றைக்குத்தான் அது வீடானது.

ஆகவே, விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்கிறேன். சாய்ந்து நிற்கிற கை, தான் எதன் மேல் சாய்ந்திருக்கிறது என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கட்டும். இல்லறம் இனிப்பது மனம்விட்டுப் பேசுவதாலே என்று தீர்ப்பளியுங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.